நம்ம ஊர்க் கண்ணும், ஒரு ஆராய்ச்சியாளரின் ஐம்பது வருஷமும்



போன மாசம் டிபார்ட்மென்ட் வாசல்ல ஒரு செகண்ட் இயர் தங்கச்சி என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டா. "அக்கா, பயோமெடிக்கல் படிச்சா கடைசில ஆஸ்பத்திரில மெஷின் சர்வீஸ் பண்ற வேலைதான் கிடைக்குமாமே? கேன்சர், ஸ்டெம் செல்னு ரிசர்ச் பண்ணணும்னா வெளிநாடுதான் போகணுமாமே?"

நான் அன்னிக்கு ஒரு இன்டர்வியூ முடிச்சிட்டு சோர்ந்துபோய் வந்துட்டு இருந்தேன். "ஆமாம்மா, அப்படித்தான்"னு சொல்லிட்டு நடந்துட்டேன். ராத்திரி ஹாஸ்டல்ல படுக்கும்போதுதான் உறுத்துச்சு. ஏன்னா நான் சொன்னது தப்பு. அது தப்புன்னு எனக்கே தெரியும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்காக ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிச்சப்போ ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்துச்சு. வி.ஆர். முத்துக்கருப்பன். அவரோட வேலையில பெரும்பகுதி நடந்த இடம், நாம தினமும் பஸ் ஏறுற இதே மதுரை.

அந்தத் தங்கச்சிக்கு ஒழுங்கான பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன். முத்துக்கருப்பன் எஞ்சினியர் கிடையாது, உயிரியல் ஆராய்ச்சியாளர். ஆனா அவர் குழு பண்ண வேலைகளைப் பார்த்தா, அளக்குறது, எண்ணுறது, எதை முதல்ல சோதிக்கணும்னு வரிசைப்படுத்துறதுன்னு நாம படிக்கிற விஷயங்கள்தான் அதுல நிறைய இருக்கு.

கண்ணுல ஆரம்பிச்ச கதை

1965-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரை வெளியாச்சு. கேள்வி ரொம்ப எளிமையானது. கருவுல வளர்ற எலிக்குட்டியோட கண்ணுல லென்ஸ் எப்படி உருவாகுது? லென்ஸா மாறப்போற திசு ஆரம்பத்துல சாதாரணத் தோல் மாதிரிதான் இருக்கும். பின்னாடி விழித்திரையா மாறப்போற திசு அதுக்குப் பக்கத்துல வந்ததும், "நீ லென்ஸா மாறு"ன்னு ஒரு சைகை போகுது. இதை எலியோட உடம்புக்கு வெளியே, ஆய்வகத்துல திசுக்களை வளர்த்து அவர் ஆராய்ஞ்சார்.

ஒரு செல் தன்னோட பக்கத்து செல்லுக்கு "இப்படி வளரு"ன்னு சொல்லுது. இதை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. மீதிக் கதை முழுக்க இதுதான் வரப்போகுது.

1970-கள்ல அவர் மதுரைப் பல்கலைக்கழகத்துல இருந்தார். 1966-ல் ஆரம்பிச்சு, 1978-ல் காமராசர் பெயர் சூட்டப்பட்ட அதே பல்கலைக்கழகம்தான். தேனி ரோட்டுல நாகமலைப் பக்கம் போனா பல்கலை நகர் வரும். அங்கே அவர் ஆய்வுக்கு எடுத்துக்கிட்ட பிராணி எது தெரியுமா? ஓணான்! நாம சின்ன வயசுல வேலில பார்த்துக் கல்லெறிஞ்ச அதே ஓணான்தான். அதோட தைமஸ், மண்ணீரலை எல்லாம் வெச்சு, ஊர்வனவற்றுல நோய் எதிர்ப்புச் சக்தி எப்படி வேலை செய்யுதுன்னு அவரும் ஆர்.எம். பிச்சப்பனும் சேர்ந்து கட்டுரைகள் எழுதினாங்க. ஃபாரின்ல இருந்து விலை கொடுத்து வாங்குற எலிதான் வேணும்னு காத்திருக்கல. வேலில இருந்ததை வெச்சே சர்வதேச இதழ்கள்ல எழுதினாங்க.

கேன்சருக்கும் கார்னியாவுக்கும் என்ன சம்பந்தம்?

1971-ல் அமெரிக்க டாக்டர் ஜூடா ஃபோக்மன் ஒரு கருத்தை முன்வைத்தார். கேன்சர் கட்டி சில மில்லிமீட்டருக்கு மேல வளரணும்னா அதுக்குத் தனியா ரத்தக்குழாய் வேணும். அதனால கட்டியே ஏதோ ஒரு ரசாயனத்தை வெளியிட்டு, பக்கத்துல இருக்குற ரத்தக்குழாய்களைத் தன் பக்கம் வளர வைக்குது. அந்த வளர்ச்சியைத் தடுத்தா கட்டியைப் பட்டினி போடலாம்.

கருத்து சரி, எப்படி நிரூபிக்கிறது? உடம்புல எங்கே பார்த்தாலும் ஏற்கெனவே ரத்தக்குழாய் இருக்கு. எது புதுசு, எது பழசுன்னு எப்படிப் பிரிக்கிறது?

இங்கேதான் கார்னியா வருது. கண்ணோட முன்பக்கம் கண்ணாடி மாதிரி இருக்குற படலம்தான் கார்னியா. அதுல ரத்தக்குழாயே கிடையாது. இருந்தா வெளிச்சம் ஒழுங்கா உள்ளே போகாது. அப்போ கார்னியாவுக்குள்ள ஒரு குட்டிப் பை மாதிரி வெட்டி, அதுல கட்டித் துணுக்கை வெச்சா, ஓரத்துல இருந்து கிளம்பி வர்ற ஒவ்வொரு குழாயும் புதுசுதான். நம்ம பாஷைல சொன்னா, நாய்ஸே இல்லாத பேஸ்லைன்.

ஃபோக்மன் குழு இதை முயலோட கார்னியாவுல பண்ணாங்க, 1974-ல் கட்டுரையா வந்துச்சு. அதையே எலியோட கார்னியாவுல செய்யலாம்னு காட்டினவங்கதான் முத்துக்கருப்பனும், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ராபர்ட் ஆவர்பாக்கும். 1979-ல் அந்தக் கட்டுரை 'சயின்ஸ்' இதழ்ல வெளியாச்சு. முயல்ல இருந்து எலிக்கு மாறுனது சின்ன விஷயம் மாதிரி தெரியும். ஆனா எலியோட கண் எவ்வளவு சின்னதுன்னு யோசிச்சுப் பாருங்க. அந்தக் கஷ்டத்துக்குப் பலனும் இருக்கு. மரபணு ரீதியா ஒரே மாதிரி இருக்குற எலி வகைகள் ஆய்வகங்கள்ல நிறைய உண்டு. அதனால ஒரு எலில எடுத்த கட்டியை இன்னொரு எலில வெச்சாலும் உடம்பு அதை அந்நியமா நினைச்சு எதிர்க்காது. செலவும் குறைவு.

ஃபோக்மன் சொன்ன வழில பல பேர் பல வருஷம் உழைச்சதுக்கு அப்புறம், 2004-ல் பெவாசிசுமாப்ங்கற மருந்துக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. கட்டிக்கு ரத்தக்குழாய் வளர்றதைத் தடுக்குற கேன்சர் மருந்து. இப்போ அதே மருந்தைக் கண் டாக்டர்கள் விழித்திரைல தேவையில்லாம வளர்ற ரத்தக்குழாய்களைத் தடுக்கவும் ஊசியா போடுறாங்க. கண்ணை வெச்சு கேன்சரைப் புரிஞ்சுக்கிட்டாங்க, கேன்சர் மருந்து கண்ணுக்கே திரும்பி வந்துடுச்சு.

சுண்ணாம்பும் ஸ்டெம் செல்லும்

அடுத்த கட்டம், மதுரை அண்ணா நகர். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கைகளோட ஆரம்பிச்ச அரவிந்த் கண் மருத்துவமனையைத் தெரியாதவங்க நம்ம ஊர்ல இருக்க மாட்டாங்க. அதோட ஆராய்ச்சிப் பிரிவுலதான் முத்துக்கருப்பனோட அடுத்த கட்ட வேலைகள் நடந்தது.

இந்த இடத்துல சொந்தக் கதை கொஞ்சம். உசிலம்பட்டிப் பக்கம் எங்க அப்பத்தா ஊர். அங்கே எங்க பெரியப்பா பேரன், அப்போ நாலு வயசு, வெத்தலைப் பெட்டில இருந்த சுண்ணாம்புப் பாக்கெட்டை எடுத்துப் பிதுக்கி விளையாடினான். பாக்கெட் வெடிச்சு, சுண்ணாம்பு நேரா வலது கண்ணுல. அப்பத்தா உடனே குடத்துத் தண்ணியை எடுத்து ஊத்திக்கிட்டே இருந்துச்சு. பின்னாடி டாக்டர், "அந்தத் தண்ணிதான் காப்பாத்துச்சு"ன்னாராம். பையனுக்குப் பார்வை பிழைச்சது. எல்லாருக்கும் அப்படிப் பிழைக்கிறது இல்லை. (வீட்டுல சின்னப் பசங்க இருந்தா சுண்ணாம்பை எட்டாத உயரத்துல வைங்க. பட்டுட்டா வேற எதையும் யோசிக்காம சுத்தமான தண்ணியை நிறைய ஊத்தி ஊத்திக் கழுவிட்டே உடனே டாக்டர்கிட்ட ஓடுங்க.)

சுண்ணாம்பு ஏன் இவ்வளவு மோசம்? கார்னியாவோட மேல்தோல் தினமும் தேய்ஞ்சு, புதுசா வந்துட்டே இருக்கும். அந்தப் புதுச் செல்களை அனுப்புற ஸ்டெம் செல்கள், கருவிழியும் வெள்ளைவிழியும் சேர்ற வளையத்துல இருக்கு. லிம்பஸ்னு பெயர். காரம் பட்டு அந்த வளையம் வெந்துபோச்சுன்னா கார்னியாவுக்குப் புதுச் செல் வராது. வெள்ளைப் பகுதித் திசு ரத்தக்குழாயோட சேர்ந்து உள்ளே ஏறி வந்துடும். கண்ணாடி ஜன்னல்ல செடி படர்ற மாதிரி. செத்தவங்க கண்ணுல இருந்து எடுத்த கார்னியாவை வெச்சுத் தெச்சாலும் நிலைக்காது, ஏன்னா அதைப் பராமரிக்க ஸ்டெம் செல் இல்லை.

இதுக்கு வழி, நல்லா இருக்குற இன்னொரு கண்ணோட லிம்பஸ்ல துளியூண்டு எடுத்து, ஆய்வகத்துல வளர்த்து, கெட்ட கண்ணுல வைக்கிறது. 1997-ல் இத்தாலில ரெண்டு பேருக்கு இதைச் செஞ்சு காட்டினாங்க. ஆனா ஒரு பெரிய சிக்கல் இருந்துச்சு. வளர்த்த தாள்ல உண்மையான ஸ்டெம் செல் எத்தனை இருக்கு? மைக்ராஸ்கோப்ல பார்த்தா எல்லாம் ஒண்ணு போலத்தான் தெரியும்.

பி63னு ஒரு புரதம் ஸ்டெம் செல்லோட அடையாளம்னு 2001-ல் சொன்னாங்க. ஆனா ஸ்டெம் செல்லுக்குப் பிறந்த அடுத்த தலைமுறைச் செல்கள்லயும் அது கொஞ்சம் இருக்கும். சித்திரைத் திருவிழால அழகர் ஆத்துல இறங்குற அன்னிக்கு, "மஞ்சச் சட்டை போட்டிருப்பான்"ங்கற ஒரே அடையாளத்தை வெச்சு நண்பனைத் தேடுங்க பார்ப்போம். ஆயிரம் மஞ்சச் சட்டை கண்ணுல படும்.

2005-ல் பி. அர்பிதா, என்.வி. பிரஜ்னா, எம். சீனிவாசன், முத்துக்கருப்பன் நாலு பேரும் மதுரைல இருந்து ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. அவங்க ரெண்டாவது அடையாளம் ஒண்ணைச் சேர்த்தாங்க. செல்லோட நியூக்ளியஸ் எவ்வளவு பெருசு, அதைச் சுத்தி இருக்குற சைட்டோபிளாசம் எவ்வளவுங்கற விகிதம். ஸ்டெம் செல் இன்னும் எந்த வேலையிலும் சேராத செல். அதனால சைட்டோபிளாசம் கம்மி, செல்லு முழுக்க நியூக்ளியஸ்தான் தெரியும். கன்ஃபோகல் மைக்ராஸ்கோப் படங்களை வெச்சு ஒவ்வொரு செல்லுலயும் பி63 அளவையும் இந்த விகிதத்தையும் அளந்தாங்க. ரெண்டுமே அதிகமா இருக்குற ஒரு சின்னக் கூட்டம் தனியா பிரிஞ்சு வந்துச்சு. அந்தக் கூட்டம் லிம்பஸ்ல இருந்துச்சு, கார்னியாவோட நடுப்பகுதில இல்லை. நாம டிஜிட்டல் லேப்ல போடுற ஆண்ட் கேட் மாதிரிதான், ரெண்டு இன்புட்டும் ஒண்ணா இருந்தாத்தான் அவுட்புட்.

இதை எண்ணி என்ன ஆகப்போகுதுன்னு கேட்கலாம். 2010-ல் இத்தாலிக் குழு 112 நோயாளிகளோட முடிவுகளை வெளியிட்டாங்க. வளர்த்த செல்கள்ல பி63 பிரகாசமா இருக்குற செல்கள் 3 சதவீதத்துக்கு மேல இருந்தவங்கள்ல 78 சதவீதம் பேருக்கு வெற்றி. 3 சதவீதமோ அதுக்குக் கீழேயோ இருந்தவங்கள்ல 11 சதவீதம் பேருக்குத்தான் வெற்றி. அறுவை சிகிச்சை ஒண்ணுதான். எண்ணிக்கைதான் ஒருத்தருக்குப் பார்வை வருமா வராதான்னு முடிவு பண்ணுது.

ரெண்டு கண்ணும் போயிருந்தா? அப்போ லிம்பஸ் எடுக்க இடமே இல்லை. 2004-ல் ஜப்பான்ல நாலு நோயாளிகளுக்கு அவங்க வாய்க்குள்ள இருக்குற தோல் செல்லை எடுத்து வளர்த்துக் கண்ணுல வெச்சாங்க. மதுரைக் குழுவும் அந்த வழில போனாங்க. கன்னத்தோட உட்புறத் தோல்ல ஸ்டெம் செல் இருக்கான்னு அதே ரெண்டு அடையாளத்தை வெச்சு முதல்ல உறுதி பண்ணிட்டு, அப்புறம் வளர்த்து, நோயாளிகளுக்கு வெச்சாங்க. சி. கௌரி பிரியா முதல் ஆசிரியரா இருந்த அந்தக் கட்டுரை 2011-ல் வந்துச்சு.

இது மாயாஜாலம் கிடையாது. கன்னத்துச் செல் கார்னியாச் செல்லா முழுசா மாறிடாது. இந்த சிகிச்சைக்கு அப்புறம் ஓரத்துல புது ரத்தக்குழாய் வளர்றது உலகம் முழுக்கப் பார்த்த விஷயம். 1979-ல் எலிக்கண்ணுல வரவழைச்சுப் பார்த்த அதே ரத்தக்குழாய்ப் பிரச்சினை, இங்கே வேண்டாத விருந்தாளியா வந்து நிக்குது.

குழந்தையின் கண்ணில் ஒரு வெள்ளை வெளிச்சம்

ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோல கண் சிவப்பா தெரியும், பார்த்திருப்பீங்க. ஒரு குழந்தைக்கு அந்த இடம் வெள்ளையா தெரிஞ்சா உடனே டாக்டர்கிட்ட காட்டணும். அது ரெட்டினோபிளாஸ்டோமாவா இருக்கலாம். சின்னக் குழந்தைகளோட விழித்திரைல வர்ற கேன்சர் அது.

இதுக்குக் காரணம் ஆர்பி1ங்கற மரபணு. செல்லு கண்டபடி பெருகாம பிடிக்கிற பிரேக் அது. ஒவ்வொரு செல்லுலயும் ரெண்டு பிரேக் இருக்கு. ரெண்டும் பழுதானாத்தான் கட்டி வரும்னு ஆல்ஃபிரட் நட்சன் 1971-ல் சொன்னார். சில குழந்தைகளுக்கு ஒரு பிரேக் பிறக்கும்போதே பழுது. அது பரம்பரை வகை. அந்த வகையா இருந்தா, தம்பி தங்கச்சிங்களுக்கும் வர வாய்ப்பு இருக்கு. அதனாலதான் மரபணுச் சோதனை முக்கியம். எந்த இடத்துல பழுதுன்னு தெரிஞ்சுட்டா, கூடப்பிறந்த குழந்தைக்கு அந்த ஒரே இடத்தைச் சோதிச்சாப் போதும். பழுது இல்லைன்னா, அந்தக் குழந்தையை மயக்க மருந்து கொடுத்துத் திரும்பத் திரும்பக் கண்ணைப் பரிசோதிக்கிற கொடுமை மிச்சம்.

ஆனா ஆர்பி1 பெரிய மரபணு. 27 எக்ஸான், ஒண்ணுக்கொண்ணு தூரத் தூரமா இருக்கு. வரிசையா ஒவ்வொண்ணா சோதிச்சா நேரமும் ஆகும், பணமும் ஆகும். 2015-ல் அரவிந்த் ஆராய்ச்சிக் குழு, ஏ. வன்னியராஜன், முத்துக்கருப்பன் உட்படப் பலர் சேர்ந்து, ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. புது மெஷின் எதுவும் கண்டுபிடிக்கலை. சர்வதேசத் தரவுத்தளத்துலயும், இந்திய நோயாளிகளைப் பத்தின கட்டுரைகள்லயும், எந்த எக்ஸான்ல பழுது அதிகமா வந்திருக்குன்னு பார்த்து, அந்த வரிசைல சோதிச்சாங்க. 76 சதவீத நோயாளிகளுக்குப் பழுது எங்கேன்னு கண்டுபிடிச்சாங்க. நேரம் பாதி, செலவு மூணுல ஒரு பங்கு.

லேப்ல சர்க்யூட் வேலை செய்யலைன்னா முதல்ல பவர் சப்ளை, அப்புறம் லூஸ் கனெக்ஷன், கடைசிலதான் ஐசி. அதே புத்திதான். ஆனா அதைச் சரியான இடத்துல போட்டதும், ஒரு கூலி வேலை பார்க்குற அப்பாவால தாங்கக்கூடிய செலவுக்குப் பக்கத்துல ஒரு கேன்சர் சோதனை வந்துடுச்சு.

எங்க ப்ராஜெக்ட் சொதப்பின கதை

இப்போ எங்க கதைக்கு வர்றேன். எங்க டீம் எடுத்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். பாப் ஸ்மியர் செல் படங்களைப் பார்த்து இயல்பா இல்லையான்னு சொல்ற சாஃப்ட்வேர். அதுக்குப் பத்தாலஜிஸ்ட் பார்க்குற முக்கிய அடையாளம் எது தெரியுமா? நியூக்ளியஸ்–சைட்டோபிளாசம் விகிதம்! நியூக்ளியஸ் பெருத்து, சைட்டோபிளாசம் சுருங்கியிருந்தா சந்தேகப்படணும்.

இதைப் படிச்சப்போ நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துட்டேன். கண்ணைக் குணமாக்குற செல்லைக் கண்டுபிடிக்க மதுரைல அளந்த அதே விகிதம்தான், கேன்சரைச் சந்தேகப்படவும் அளக்குறாங்க. யோசிச்சா காரணம் புரியுது. ரெண்டுமே இன்னும் ஒரு வேலைல அடங்காத, பெருகத் தயாரா இருக்குற செல்கள். ஒண்ணு பக்கத்துச் செல் சொல்றதைக் கேட்டுப் பெருகுது. இன்னொண்ணு கேட்காமப் பெருகுது. புற்றுநோயும் திசு மீளாக்கமும் வேற வேற பாடம்னு நான் நினைச்சது தப்பு. ஒரே மனுஷன் ரெண்டுலயும் வேலை பார்த்ததுல ஆச்சரியமும் இல்லை.

சரி, சொதப்பல் என்ன? நாங்க பயன்படுத்தினது ஹெர்லெவ்ங்கற டென்மார்க் தரவு. மொத்தம் 917 படம். முதல் ரிவ்யூவுல "73 சதவீத அக்யூரசி"ன்னு பெருமையா ஸ்லைடு போட்டோம். மேடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "இதுல இயல்பான செல் எத்தனைப்பா?" எண்ணிப் பார்த்தோம். 242 இயல்பு, 675 இயல்பில்லாதது. எல்லாப் படத்துக்கும் கண்ணை மூடிக்கிட்டு "இயல்பில்லை"ன்னு சொன்னாலே 73 சதவீதம் வந்துடும். எங்க மாடல் கிட்டத்தட்ட அதைத்தான் பண்ணிட்டு இருந்துச்சு!

நிஜ கேம்ப்ல வர்ற பெண்கள்ல பெரும்பாலானவங்க நல்லா இருப்பாங்க. அங்கே எங்க சாஃப்ட்வேரைப் போட்டிருந்தா வந்த அத்தனை பேரையும் பயமுறுத்தி அனுப்பியிருக்கும். ஒரு நாள் கூலியை விட்டுட்டு வந்த ஒரு அக்காவை, காரணமே இல்லாம இன்னொரு நாள் அலைய விட்டிருப்போம்.

அன்னிக்கு ராத்திரி அந்த 2005 கட்டுரையை மறுபடி எடுத்துப் படிச்சேன். ஒரு அடையாளம் போதலைன்னு தெரிஞ்சதும் அவங்க அதையே இழுத்துப் பிடிச்சுக்கிட்டு இருக்கலை, ரெண்டாவதைத் தேடினாங்க. ஒவ்வொரு செல்லா அளந்தாங்க. நாங்களும் இப்போ அக்யூரசியைத் தூக்கிப் போட்டுட்டு, எத்தனை நோயாளியைத் தவற விடுறோம், எத்தனை நல்லா இருக்குறவங்களை அலைய விடுறோம்னு தனித்தனியா கணக்கு பார்க்குறோம். நியூக்ளியஸை மாடல் பிரிக்கிறது சரியான்னு, நாலு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் படம்னு பிரிச்சுக்கிட்டுக் கையாலயே வரைஞ்சு சரிபார்க்குறோம். ரெண்டாவது ரிவ்யூவுல நம்பர் சின்னதாத்தான் இருக்கும். ஆனா அது எங்களுக்கு அர்த்தம் தெரிஞ்ச நம்பர்.

தங்கச்சி, உனக்கான பதில் இதுதான். மெஷின் சர்வீஸ் வேலையும் நல்ல வேலைதான், அதைக் குறைச்சுப் பேசாத. வெளிநாடு போறதும் தப்பில்லை. ஆனா "கேன்சர், ஸ்டெம் செல் ரிசர்ச் எல்லாம் இங்கே கிடையாது"ன்னு யாராவது சொன்னா நம்பாத. நான் அன்னிக்குச் சொன்னதையும் சேர்த்துத்தான் சொல்றேன். 1965-ல் ஒரு எலிக்குட்டியோட லென்ஸ்ல ஆரம்பிச்சு, ஓணான், கார்னியா, லிம்பஸ், கன்னம், ஆர்பி1னு 2015 வரைக்கும் ஒருத்தர் பெயர் கட்டுரைகள்ல வந்திருக்கு. அதுல நிறைய வேலை நம்ம ஊர்ல நடந்திருக்கு. அந்தக் கட்டுரைகளைத் தேடிப் படி. புரியலைன்னா சாயங்காலம் நாலரைக்கு மேல இமேஜ் ப்ராசஸிங் லேப்புக்கு வா. நாங்க அங்கேதான் நியூக்ளியஸ் வரைஞ்சுட்டு இருப்போம். ஒரு கை கூடினா எங்களுக்கும் வேலை சீக்கிரம் முடியும்!